அயன நாளும் ஜவ்வாது மலைக் கல்வீடுகளும்

நம் கலாசாலை திறந்த சில நாட்களுக்குள் மாணவர் சிலர் எம்மிடம் வந்து ஒரு வேண்டுகோள் விடுத்தனர். இங்கிலாந்து தேசத்திலே ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழைய கல்வட்டத்தில் ஜூன் 21ஆம் தேதியை ஒட்டிப் பல்லாயிரவர் கூடி, விடியற்காலையில் ஞாயிறு எழுவதைக் கண்டு ஆரவாரிக்கும் காட்சியை அவர்கள் படங்களிற் கண்டிருக்கின்றனர். "நமக்கு அண்மையிலுள்ள ஜவ்வாது மலையிலும் பழங்கற்கள் உண்டல்லவா? அவற்றினிடத்தே நாமும் அந்நாளைக் கொண்டாடினால் என்ன?" என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நல்லது. இளைஞர் வானத்தை ஏறெடுத்துப் பார்க்க விரும்புவதைத் தடுக்கும் ஆசிரியன் ஆசிரியனல்லன். எனினும் அவ்வேண்டுகோளை உடனே ஏற்கவும் எமக்கு மனம் வரவில்லை. தள்ளவும் மனம் வரவில்லை. ஆதலின் சில காலம் எண்ணிப் பார்த்து, மலைக்கும் ஒருமுறை சென்று வந்து, எம் கருத்தை இப்பத்திரிகை வாயிலாக மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் தெரிவிக்க முற்பட்டோம்.

முதற்கண் அந்நாள் எத்தகையது என்பதைத் தெளிதல் வேண்டும். ஞாயிறு நாடோறும் கிழக்கே எழுகின்றது என்று நாம் கூறினும், நேர்கிழக்கில் அஃது எழுவது ஆண்டில் இரண்டு நாட்களிலேதான். மார்ச்சு மாதம் 21ஆம் தேதியை ஒட்டி நேர்கிழக்கில் எழும் ஞாயிறு, பின்னர் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக வடக்கே ஒதுங்கி, ஜூன் 21ஐ ஒட்டி வடகோடியை எய்துகின்றது. அங்கே சில நாட்கள் அசையாது நிற்பதுபோலத் தோன்றிப் பிறகு தெற்கு நோக்கித் திரும்புகின்றது. இவ்வாறே டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதியில் தென்கோடியை எய்தி வடக்கு நோக்கித் திரும்புகின்றது. இத்திருப்பங்களை ஒட்டிய செலவையே நம் முன்னோர் அயனம் என்றனர். ஜவ்வாது மலை வட அட்சம் ஏறத்தாழ 12½ பாகையில் அமைந்துள்ளது. அங்கே நின்று காண்போர்க்கு ஜூன் அயனத்தில் ஞாயிறு நேர்கிழக்கினின்றும் 24 பாகை வடக்கேயும், டிசம்பர் அயனத்தில் 24 பாகை தெற்கேயும் எழும். ஆகவே, ஓராண்டில் உதயப் புள்ளி ஊசலாடும் வீச்சு 48 பாகையாகும். இந்த எண்ணை வாசிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இஃது உதவும்.

இனி, மாணவர் எடுத்துக்காட்டிய ஸ்டோன்ஹெஞ்சைச் சிறிது நோக்குவோம். அதன் பெருங்கற்கள் கி.மு. 2500ஐ ஒட்டிய காலத்தில் நிறுத்தப்பட்டவை. அக்கட்டடத்தின் நடு அச்சு கோடை அயனத்தின் சூரியோதயத்தை நோக்கி நிற்பதை வில்லியம் ஸ்டூக்லி என்பார் 1740இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். அதுமுதல் அந்நாள் அவ்விடத்தின் திருநாளாயிற்று. துரூயித்துக்கள் என்னும் பழைய குருமார் அதைக் கட்டினர் என்று பலர் நம்பி, அவர்போல் வெள்ளுடை அணிந்து அங்கே சடங்கு செய்யலாயினர். ஆனால் துரூயித்துக்களைப் பற்றிய செய்திகள் எழுத்தில் வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அக்கற்கள் நின்றுவிட்டன. மேலும், அந்த அச்சின் ஒரு முனை கோடை அயனத்தின் உதயத்தைக் காட்டுமாயின், மறுமுனை குளிர்கால அயனத்தின் அஸ்தமனத்தைக் காட்டும். அண்மையிலுள்ள பழைய குடியிருப்பில் அகழ்ந்தெடுத்த பன்றி எலும்புகளை ஆராய்ந்தோர், அக்காலத்தவர் பெருவிருந்து அயர்ந்தது குளிர்காலத்திலேயே என்று கருதுகின்றனர். அஃது உண்மையாயின், இன்று கூடும் பெருங்கூட்டம் கட்டினோர் கொண்டாடிய நாளுக்கு ஆறு மாதம் தவறி வருகின்றது!

அக்கூட்டத்தால் விளைந்த இடரும் சிறிதன்று. 1974 முதல் 1984 வரை ஆண்டுதோறும் நடந்த திருவிழாவால் அச்சூழல் சேதமுற்றது. 1985இல் அரசினர் அதனைத் தடுத்தபோது காவலர்க்கும் வந்தவர்க்கும் கைகலப்பு நேர்ந்து நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். பின்னர்ப் பதினைந்து ஆண்டுகள் அந்நாளில் கற்களினருகே பொதுமக்கள் செல்ல இயலவில்லை. 2000ஆம் ஆண்டிலேதான் கட்டுப்பாடுகளுடன் வழி மீண்டும் திறக்கப்பட்டது. செல்வமும் காவலும் சட்டமும் நிறைந்த தேசத்திலேயே ஒரு விழா தன் தெய்வத்தையே மிதிக்கக்கூடுமாயின், காவலற்ற நம் மலையில் என்ன நேரும் என்பதை எண்ணுதல் தகும்.

இதற்கு மாறான வேறோர் உதாரணமும் அத்தீவுகளிலேயே உண்டு. அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்னுமிடத்தில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கற்சமாதி இருக்கின்றது. ஆண்டில் ஏதோ ஒரு காலத்தில் இளஞாயிற்றின் ஒளி அதன் உள்ளறைவரை புகும் என்று அவ்வூரார் வழிவழியாகக் கூறிவந்தனர். அங்கே அகழ்வாராய்ச்சி நடத்திய ஓகெல்லி என்னும் பேராசிரியர் அச்சொல்லை மூடக்கதை என்று தள்ளவுமில்லை. அப்படியே நம்பி எழுதவுமில்லை. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி விடியுமுன் அவ்விருட்டறையினுட் சென்று காத்திருந்தார். வாயிலுக்கு மேலே இதற்கெனவே அமைத்த சிறு திறப்பின் வழியே கதிரொளி நுழைந்து, நெடிய பாதையைக் கடந்து அவரிருந்த அறையை ஒளிமயமாக்கியது. ஆரவாரமின்றி, பாட்டின்றி, தனியே ஒருவர் செய்த அக்காத்திருப்பே எம் கருத்தில் அயன நாட் கொண்டாட்டங்களுட் சிறந்தது. மக்கள் சொல்லைச் செவிமடுத்தல், பின் கண்ணாற் கண்டு துணிதல் ஆகிய இரண்டும் அதில் ஒருங்கே அமைந்தன.

இங்ஙனமிருக்க, கோடை அயனம் வடநாட்டார்க்குத் தரும் மகிழ்ச்சியை நாமும் அப்படியே உணர்தல் கூடுமா என்பது அடுத்து எழும் வினா. இலண்டன் நகரில் அந்நாட் பகல் 16½ மணிக்கு மேல் நீளும். குளிர்கால அயனத்திலோ எட்டு மணியளவுக்கும் குறையும். இருளில் ஒடுங்கிக் கிடந்தவன் ஒளியைக் கண்டு ஆடுதல் இயல்பே. யோவான் ஸ்நானகருடைய திருநாளாகிய ஜூன் 24இல் ஐரோப்பிய கிராமத்தார் தீ வளர்த்து மகிழும் வழக்கமும் இதனை ஒட்டியதே. ஜவ்வாது மலையிலோ மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 25 நிமிடம். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணிக்கும் உட்பட்டதே. நம்மவர்க்கு ஒளியிற் பஞ்சமில்லை. ஆதலின் ஒளியின் வெற்றிக்கு விழா எடுக்க வேண்டிய ஏக்கமும் இல்லை. அக்கினி நட்சத்திரத்தின் வெயிலிலே வாடியவன் ஜூன் மாதத்தில் எதிர்நோக்குவது மேகத்தையேயன்றி ஞாயிற்றையன்று.

ஆயினும் நம் நாட்டு வானத்திலே வடநாட்டார் காணவியலாத ஓர் அதிசயம் உண்டு. இலண்டனில் ஞாயிறு ஒருநாளும் தலைக்கு நேரே வருவதில்லை. நமக்கோ ஆண்டில் இருமுறை வருகின்றது. ஜவ்வாது மலையில் ஏப்ரல் 23ஆம் தேதியையும் ஆகஸ்டு 20ஆம் தேதியையும் ஒட்டி நண்பகலில் நட்ட கோலுக்கு நிழலே இராது. இடைப்பட்ட காலத்தில் நண்பகல் ஞாயிறு நமக்கு வடபுறமாகச் செல்லும். கோடை அயன நாளில் பத்தடிக் கோலின் நண்பகல் நிழல் தெற்கே ஏறத்தாழ 1 அடி 11 அங்குலம் விழும். டிசம்பர் அயனத்தில் அதே கோலின் நிழல் வடக்கே ஏறத்தாழ 7 அடி 3 அங்குலம் நீளும். நண்பகலில் தன் நிழல் தெற்கே விழுவதைக் கவனித்த மாணவர் நம் கலாசாலையில் எத்தனை பேர்? நூலிலே படித்திருப்பர், முற்றத்திலே பார்த்திரார். பழந்தமிழரோ பார்த்திருக்கின்றனர். அரண்மனைக்கு மனை வகுக்கும் நூல்வல்லார் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை துணிந்த செய்தி பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே காணப்படுகின்றது.

பஞ்சாங்கத்தைக் குறித்தும் ஒரு சொல். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்றும், ஆடி முதல் நாளைத் தட்சிணாயனத் தொடக்கம் என்றும் நாம் வழங்கி வருகின்றோம். ஆனால் வானிலே ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புவது மார்கழித் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றது. தெற்கு நோக்கித் திரும்புவதும் ஆனி மாதம் முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகின்றது. பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல மெல்லச் சுழல்வதால், நட்சத்திரங்களைக்கொண்டு எண்ணும் ஆண்டும் பருவங்களைக்கொண்டு எண்ணும் ஆண்டும் 72 வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் விலகி வந்திருக்கின்றன. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒத்திருந்தன; இன்று மூன்று வாரத்துக்கு மேல் வேறுபடுகின்றன. இதனால் நம் முன்னோரைக் குறை கூறுதல் தகாது. அவர்கள் கண்டது அவர்கள் காலத்து மெய். கண்டபின் மீண்டும் பாராதிருந்த பிற்காலத்தவராகிய நாமே குறையுடையோம்.

இங்கேதான் கற்களின் பெருமை விளங்குகின்றது. அயன நாளின் தேதி நட்சத்திர மாதத்திலே நகர்ந்துவிட்டது. ஆனால் அந்நாளில் ஞாயிறு எழும் திசையோ ஏறத்தாழ மாறவேயில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையில் அயன உதயம் இன்றைய இடத்தைவிட அரைப் பாகைக்கும் குறைவாகவே வடக்கே தள்ளியிருந்தது. அவ்வளவு ஞாயிற்று வட்டத்தின் அகலத்துக்கும் உட்பட்டதே. ஆகவே, அக்காலத்தவன் எவனேனும் அத்திசையைக் கருதி ஒரு கல்லை நட்டிருப்பானாயின், அக்கல் இன்றும் பொய் சொல்லாது. பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டி நேர்ந்தாலும் அக்கல்லைத் திருத்த வேண்டுவதில்லை. ஆனால் அவன் அவ்வாறு கருதினானா என்பதுதான் வினா.

ஜவ்வாது மலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்னும் மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கின்றது. சாமையும் பலாவும் புளியும் தேனும் சந்தனமும் உடைய அம்மலையில் மலையாளி என வழங்கும் மலைவாசிகள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். தங்கள் முன்னோர் காஞ்சியினின்றும் வந்தேறியவர் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த குன்றுகளின்மேல் இரும்புக் காலத்துக் கல்திட்டைகள் காணப்படுகின்றன. பலகைபோற் பிளந்த பெருங்கற்களை நாற்புறமும் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி, ஒரு பக்கப் பலகையில் வட்டமாகத் துளையிட்டு அமைத்த சிறு அறைகளே கல்திட்டைகள். இறந்தோர்க்கென எடுத்த நினைவு வீடுகள் இவை என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். தமிழ்நாட்டுக் குடியானவர் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும், வாலியர் வீடு என்றும், குள்ளர் வீடு என்றும் பலவாறாகப் பெயரிட்டழைப்பர்.

யாம் சென்று கண்ட ஒரு குன்றில் முழுமையாக நின்றவை சிலவே. பலவற்றில் மூடுகல் சரிந்து கிடந்தது. சிலவற்றின் உட்புறம் புதையல் தேடுவோரால் தோண்டப்பட்டுக் குழியாயிருந்தது. சரிவிலே ஒரு வயலின் வரப்பில், துளையிட்ட பலகையின் பாதி உடைந்து நின்றது. அத்துளையின் விளிம்பு, செதுக்கிய கையின் பொறுமை தெரியும்படி வழவழப்பாக இருந்தது. எங்களுக்கு வழிகாட்டிய முதியவர் ஒருவர், தாம் சிறுவனாயிருந்தபோது அக்குன்றில் இன்னும் மிகுதியான வீடுகள் நின்றனவென்றார். எம்முடன் வந்த மாணவர் விழாவைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்ததை அவர் மௌனமாகக் கேட்டு, இறுதியில் ஒன்றே சொன்னார்: "நீங்கள் வந்து பாடிவிட்டுப் போவீர்கள், ஐயா. போன பிறகு இந்தக் கல்லை யார் பார்த்துக்கொள்வார்கள்?" அக்கேள்விக்கு எங்களுள் ஒருவரிடமும் விடையில்லை. மலையை விட்டு இறங்கும் வழியெல்லாம் அதுவே எம் செவியில் ஒலித்தது.

இனி, அக்கல்வீடுகள் ஞாயிற்றை நோக்கியவையா என்பதை ஆராய்வோம். "துளை கிழக்கே இருக்கின்றது, ஆகையால் இஃது அயனத்தைக் கருதியதே" என்று உற்சாகத்திற் கூறிவிடுதல் எளிது. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன எண்ணை இப்போது எடுத்துக்கொள்க. ஞாயிற்றின் உதயம் 48 பாகை வீச்சில் ஊசலாடுகின்றதன்றோ? அவ்வீச்சினுள் ஒரு துளை எப்பக்கம் நோக்கினும், ஆண்டில் ஏதேனும் இரண்டு நாட்களில் ஞாயிறு அதற்கு நேரே எழுந்தே தீரும். கிழக்கு நோக்கிய நம் வீட்டுச் சன்னலுக்கும் அப்பெருமை உண்டு. ஆதலின் ஒரு கல்வீடு சாட்சியாகாது. ஒரு குன்றிலுள்ள எல்லா வீடுகளின் திசைகளையும் அளந்து வரிசைப்படுத்தி, அவை வீச்சின் வடகோடியிலோ தென்கோடியிலோ நடுவிலோ நெருங்கி நிற்கின்றனவா, அன்றி எங்கும் சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்த்தலே முறை. சரிந்து போனவற்றை விலக்குதலும், நிலைபெயராதவற்றையே எண்ணுதலும் அம்முறையில் அடங்கும்.

நம் நாட்டில் அத்தகைய ஆராய்ச்சி நடவாமலில்லை. கர்நாடகத்தில் விபூதிஹள்ளி என்னுமிடத்தில் பெருங்கற்கள் வரிசை வரிசையாக இடப்பட்டிருக்கின்றன. பங்களூரிலுள்ள இந்திய வானியற்பௌதிக ஸ்தாபனத்தைச் சேர்ந்த காமேஸ்வர ராவ் அவற்றின் திசைகளை ஆராய்ந்து 1993இல் தம் கருத்தை வெளியிட்டார்; பிற்பாடு தெலுங்கானாவில் கிருஷ்ணா நதிக்கு அண்மையில் நீலுராள்ளு என வழங்கும் நெடுங்கற்களையும் அவரும் உடனுழைத்தோரும் ஆராய்ந்தனர். அங்கே சில கல்வரிசைகள் அயன நாட்களின் உதய அஸ்தமனத் திசைகளோடு பொருந்துவதாக அவர்கள் கண்டனர். முடுமால் நெடுங்கற்கள் எனப்படும் அவ்விடம் 2025இல் உலகப் பண்பாட்டுச் சின்னங்களுக்கான ஐக்கிய நாடுகளின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவை வெளியிலே நிரைநிரையாக நிற்கும் நெடுங்கற்கள்; ஜவ்வாது மலையிலுள்ளவையோ மூடிய சிறு வீடுகள். ஒன்றிற்குக் கிடைத்த முடிவை மற்றொன்றின்மேல் ஏற்றிக் கூறுதல், அண்டை வீட்டான் மகன் தேறியதற்கு நம் மகனைப் பாராட்டுதல் போலாகும்.

இவ்விடத்தில் மற்றொரு பொருத்தம் எம் மனத்தைக் கவர்கின்றது. காமேஸ்வர ராவ் பணிபுரிந்த அதே ஸ்தாபனத்தின் வானாராய்ச்சி நிலையம் இந்த ஜவ்வாது மலையிலேயே, காவலூரில் அமைந்திருக்கின்றது. இருண்ட வானத்தை நாடி இம்மலையைத் தேர்ந்தவர் வைணு பாப்பு என்னும் அறிஞர். 1968 முதல் அங்கே சிறு தொலைநோக்கியைக்கொண்டு வானத்தைப் பார்த்தனர். 1972இல் 40 அங்குலக் கண்ணாடி வந்தது. 1977இல் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்களின் சாயலைக் கண்ட நிலையங்களுள் காவலூரும் ஒன்று. நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறந்துவைக்கப்பட்டபோது, 1982இல் காலஞ்சென்ற வைணு பாப்புவின் பெயரே அந்நிலையத்துக்கு இடப்பட்டது. 1988இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் வழங்கப்பட்டது. இம்மலையின் ஒரு புறத்தில் இறந்தோரை நினைந்து கல்லெடுத்தவர் வாழ்ந்தனர். மறுபுறத்தில் விண்மீன்களை அளப்போர் வாழ்கின்றனர். இவ்விரு புறத்தையும் ஒரு நாளில் நடந்து இணைக்க வல்லவர் மாணவரேயன்றி வேறு யாவர்?

ஆகவே எம் கருத்து இது. அயன நாளை நாம் ஜவ்வாது மலையிற் கொண்டாடுவோம். ஆனால் விளக்கேற்றியும் ஆடியும் அன்று, அளந்தும் காத்தும் கொண்டாடுவோம். இல்லாத ஒரு சடங்கைப் படைத்து, அதனைத் தொல்தமிழர் வழக்கென்று பெயரிட்டு, பேச வாயற்ற கற்களின் வாயில் நம் சொல்லைத் திணிக்க மாட்டோம்.

செய்ய வேண்டுவன மிக எளியவை. அயன நாட் காலையில், கல்வீடுகளுக்கு அப்பால் சமமான வெற்றிடத்தில் ஒரு நேரிய கோலைத் தூக்குநூல் பிடித்துச் செங்குத்தாக நடுக. கோலை மையமாகக்கொண்டு தரையில் ஒரு வட்டம் வரைக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடுமிடத்தையும், பிற்பகலில் மீண்டும் தொடுமிடத்தையும் குறித்து இரண்டையும் நூலால் இணைத்தால் அதுவே கிழக்கு மேற்குக் கோடு. மற்ற நாட்களில் முற்பகலுக்கும் பிற்பகலுக்குமிடையே ஞாயிறு வடக்கிலோ தெற்கிலோ சிறிது நகர்ந்துவிடுவதால் இக்கோடு சற்றே கோணும். அயன நாளிலோ அந்நகர்ச்சி நின்றுவிடுவதால் கோடு கோணுவதில்லை. திசைகாட்டும் காந்த ஊசி மெய்யான வடக்கை விட்டுச் சிறிது விலகி நிற்கும், நிழல் விலகாது. நண்பகல், கடிகாரம் 12 மணி காட்டும்போதன்று, அம்மலையில் 12 மணி 16 நிமிடமளவில் வரும் என்பதையும் மாணவர் கண்ணாரக் காண்பர். பின்னர் அக்கோட்டைக்கொண்டு, கல்லைத் தொடாமலே ஒவ்வொரு வீட்டின் துளை நோக்கும் திசையையும் அளந்து குறிப்பேட்டில் எழுதலாம். கணிதம் பயில்வோர் அளக்க, சரித்திரம் பயில்வோர் எழுத, தமிழ் பயில்வோர் மலைவாசிகள் கூறும் பெயர்களையும் கதைகளையும் அவர்கள் சொற்படியே பதிய, தாவரம் பயில்வோர் கற்களைப் பிளக்கும் வேர்களைக் குறிக்க, அனைவர்க்கும் அங்கே வேலையுண்டு.

சிலர் இதற்குத் தடை கூறுவர். "ஆனி மாதத்தில் மலைமேல் மேகம் கவிந்திருக்குமே, ஞாயிறு எங்ஙனம் தெரியும்?" என்பர். மெய்யே. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காவலூர்க் கண்ணாடிகளே இருள் மேகத்தால் பல இரவு வாளாவிருக்க நேர்கின்றது. அந்நாளில் ஞாயிறு மறையுமாயின், வடபால் உச்சியை எய்திய சில நாட்கள் வரை அது பெரிதும் அசைவதில்லை. முன்னும் பின்னும் ஒரு வாரம் எந்நாள் வானம் வெளுக்கின்றதோ அந்நாளிற் காணலாம். அதுவும் தவறின், டிசம்பர் அயனத்தில் மார்கழி விடியலிற் செல்வோம். மார்கழி வைகறையில் எழுந்திருத்தல் தமிழர்க்குப் புதிய பழக்கமன்று. மலைமுகடு உதயத்தை மறைக்குமே என்பாரும் உளர். நம் அட்சத்தில் ஞாயிறு ஏறத்தாழ நேர்மேலே எழுவதால், முகடு ஒரு பாகை உயர்ந்து நின்றாலும் உதயத் திசை கால் பாகையளவுக்கு மேல் மாறாது. ஸ்டோன்ஹெஞ்சிலோ ஒரு பாகைக்கு மேல் மாறிவிடும். இவ்வகையில் நம் மலை அளப்போர்க்கு அதனினும் வாய்ப்பானது.

"அளத்தல் எங்ஙனம் கொண்டாட்டமாகும்? உள்ளம் பூரிக்க வேண்டாவா?" என்பது மற்றொரு தடை. அன்பு கொண்ட பொருளைக் கூர்ந்து நோக்குதலினும் பெரிய வழிபாடு யாது என்று யாம் கேட்கின்றோம். தாயின் முகத்தை நெடுநேரம் பார்த்திருக்கும் குழந்தைக்கு உள்ளம் பூரிக்கவில்லை என்று யார் கூறுவார்? அன்றியும் அக்கல்வீடுகள் மைதானமல்ல. யாரோ ஒருவர் தம் தந்தைக்கோ தாய்க்கோ மகனுக்கோ எடுத்த நினைவிடங்கள். துக்க வீட்டிலே மேளம் கொட்டாதது நம் நாட்டு மரியாதை. மூவாயிரம் ஆண்டுத் துக்கமும் துக்கமே.

அளந்து முடித்தபின் ஒன்றும் பொருந்தாமற் போகலாம். துளைகள் திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடக்கலாம். அப்போது மாணவர் மனமுடைதல் வேண்டா. "இம்மக்கள் அயனத்தைக் கருதியதற்குச் சான்று இங்கில்லை" என்று நேர்மையாக எழுதி வைப்பதும் ஓர் அறிவே. பொய்யான ஒரு பெருமையினும் அது தமிழுக்குச் செய்யும் மெய்யான தொண்டு. பொருந்துமாயின், அம்முடிவு உலகத்தார் முன் நாணாமல் நிற்கும்.

இனி அம்முதியவரின் கேள்விக்கு வருவோம். கல்லை யார் பார்த்துக்கொள்வார்? பழஞ்சின்னங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் பட்டியலில் ஏறாத கல்லைச் சட்டம் அறியாது. எவரும் எண்ணாத கல் பட்டியலில் ஏறாது. ஆகவே எண்ணுதலே காத்தலின் முதற்படி. ஒவ்வோராண்டும் அயன நாளில் நம் மாணவர் சென்று, ஒவ்வொரு வீட்டையும் எண்ணி, படமெடுத்து, சென்ற ஆண்டின் குறிப்போடு ஒப்பிட்டு, குறைந்தது எது, சரிந்தது எது என்று எழுதித் தொல்பொருள் துறைக்கு ஒரு பிரதி அனுப்புவராயின், பத்தாண்டிற் கிடைக்கும் அத்தொகுப்பு எந்த வேலியினும் வலிய காவலாகும். ஜமுனாமரத்தூரில் கோடைவிழா நடத்தும் அரசினரும், அவ்விழாவுக்கு வருவோர் கற்களின்மேல் ஏறாமலும், பெயர் கீறாமலும், அடியில் அடுப்பு மூட்டாமலும் இருக்கும்படி ஓர் அறிவிப்பு வைத்தால் பெரும்பயன் விளையும்.

எல்லாவற்றினும் முதன்மையாக, அம்மலை மக்களைக் கேளாமல் ஒன்றும் செய்தல் கூடாது. நாம் ஒரு நாள் வருவோர். அவர்கள் ஆண்டு முழுதும் அங்கிருப்போர். அவர்கள் சிறுவர் பயிலும் பள்ளிகளிலே முதலில் கோல் நடுவோம். நிழல் தெற்கே விழுவதை அச்சிறுவர் முதலில் காணட்டும். கல்வீட்டின் கதையை அவர்கள் நமக்குச் சொல்லட்டும். நிழலின் கணக்கை நாம் அவர்க்குச் சொல்வோம். இவ்வாறு கொண்டும் கொடுத்தும் வளரும் நட்பே அக்கற்களுக்கு நிலைத்த காவல். தன் மகன் அளந்த கல்லை எந்தத் தந்தையும் வரப்புக்கு உடைக்க மாட்டான்.

மாணவ நண்பர்களே! நீங்கள் கேட்டதை யாம் மறுக்கவில்லை. சிறிது மாற்றித் தருகின்றோம். வரும் அயன நாளில் விடியுமுன் மலையேறுவோம். பறையும் விளக்கும் வேண்டா. ஒரு கோல், ஒரு நூல், ஒரு குறிப்பேடு, கட்டுச்சோறு இவை போதும். கிழக்கு வெளுக்கும்போது அக்கல்வீடுகளுக்குச் சற்று அப்பால் வாய்மூடி நிற்போம். இவற்றை எடுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் பேசிய மொழியும் தெரியாது. ஆயினும் அவர் கண்ட அதே இடத்தில் அதே ஞாயிறு எழுவதை நாமும் காண்போம். கண்டு, எண்ணி, எழுதி, இறங்கி வருவோம். அடுத்த ஆண்டு நாம் மீண்டும் செல்லும்போது எண்ணிக்கை குறையாதிருக்குமாயின், அன்று அம்முதியவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு விடை இருக்கும்.